பெரியவருக்குப் புது டயர்

ஒரு ஜோடி செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே வந்து நின்று, அங்கேயும் "யோசிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற மனிதர் அவர். ஊரில் அவருக்கு நத்தை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்துக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. கடைத்தெருவில், கேஸ் குடோனில், மேட்டுக் குடியிருப்பில், எங்கே போனாலும் "நத்தையண்ணன் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "சிலிண்டர் ஏத்திக்கிட்டு மேட்டுப் பாதையில போறவன் முயலா இருந்தா ஊரு தாங்குமா?" என்று சிரிப்பார்.

அவருடைய வண்டிக்கும் ஒரு பெயர் உண்டு. பெரியவர். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப். கல்குவாரியை மூடியபோது அங்கே டிரைவராக இருந்த இவருக்கு அது வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வண்டியைப் பற்றி இவர் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். "பெரியவருக்கு இன்னைக்கு இருமல் ஜாஸ்தி", "பெரியவர் ஆயில் நிறையக் குடிச்சுட்டாரு" என்றுதான் பேச்சு. காலையில் சாவி போடும் முன்பு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணை மூடி ஆண்டவனிடம் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். என்ன வார்த்தை என்று யாரிடமும் சொன்னதில்லை. "வேற என்ன, வண்டி ஸ்டார்ட் ஆகணும்னுதான்" என்பாள் அவர் மனைவி.

ஒருமுறை மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். "அண்ணே, இஞ்சின் போனாக்கூட ஏதாவது பண்ணிடலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குது பாருங்க, இந்தக் கியர்ப் பெட்டி, இது போச்சுன்னா அதோட சரி. சாமான் கிடைக்காது. அப்புறம் வண்டியில கோழி வளக்கலாம்."

சிலிண்டர் சுமப்பது பிழைப்பு. ஆனால் பெரியவர் இந்த உலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு ஆண்டவன் வைத்திருக்கும் காரணம் அக்காதான் என்று அவர் நம்பினார்.

அக்கா மேட்டின் உச்சியில் இருக்கிறாள். அத்தான் அங்கே நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். அங்கிருக்கும் தொட்டி நிறைந்தால்தான் கீழே ஊரில் குழாய் சொட்டும். ஆகவே அத்தான் பம்பை விட்டு நகர முடியாது. குவார்ட்டர்ஸும் பம்ப் ஹவுஸை ஒட்டியே. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அந்த நாள் நெருங்கும்போதே கால் வீங்கும். ஒரு தடவை தவறினால் மூச்சு முட்டும். குடிக்கிற தண்ணீர்கூட அளந்துதான். "ஊருக்கெல்லாம் தண்ணி ஏத்துற வீட்டுல எனக்கு மட்டும் ரேஷன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாய் அவளுக்கு ஓயவே இல்லை; ஆண்டவன் ஒன்றை எடுத்தால் ஒன்றை விட்டுவைக்கிறான்.

ஆம்புலன்ஸ் மேலே ஏறாது. பாதை அப்படி. அடிவாரம் வரை தார். நடுவில் சரளையும் களிமண்ணும். அதற்கு மேலே செங்குத்தான வளைவுகளுக்குப் புதிதாகப் போட்ட கான்கிரீட். நடுவில் இருக்கிற களிமண்தான் எமன். மழை விழுந்தால் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். முன்னொரு மழையில் பெரியவர் ஒர்க் ஷாப்பில் படுத்துவிட்டபோது, அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அன்றைக்கு அவள் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். கீழே வந்து சேர்ந்ததும் தம்பியின் கையைப் பிடித்து, "இன்னொரு தடவை என்னை இப்படித் தூக்காதீங்கடா. அதுக்கு நான் பேசாம மேலேயே கிடந்துடுறேன்" என்றாள். அதில் விளையாட்டே இல்லை. நத்தையின் மனசில் அது முள்ளாகத் தைத்துக்கொண்டது.

இந்த வருஷம் மழைக்கு முன்பே ஒரு தூறல் வந்தது. அதற்கே பெரியவர் களிமண் வளைவில் ஓர் ஆள் அகலத்துக்குப் பக்கவாட்டில் சறுக்கி, பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு நின்றார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நத்தைக்கும் சறுக்குமாடா?" என்றாள்.

அவரும் சிரித்தார். ஆனால் கீழே வந்து நிதானமாகக் குனிந்து பார்த்தார். நாலு டயரும் வழுக்கைத் தலை. இருந்த பல்லெல்லாம் தேய்ந்து, கையால் தடவினால் பலகை மாதிரி இருந்தது. அடுத்து வரப்போவது தூறல் இல்லை, மழை.

மறுநாளே டயர் தேடும் படலம் ஆரம்பித்தது. ஆரம்பித்தது, முடியவில்லை. வீட்டில் சாப்பிடும்போது டயர், படுக்கும்போது டயர்.

"ஏங்க, என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொல்ல உங்களுக்கு ஒரு மத்தியானம் போதுமா இருந்துச்சு. ரப்பருக்கு ஒரு வாரமா?" என்றாள் மனைவி.

"உன்னைக் கட்டினதுல சறுக்கினா நான் ஒருத்தன்தான் விழுவேன். இது அக்கா உக்கார்ற வண்டி."

"அப்ப சறுக்கிட்டேன்னு சொல்றீங்க!"

"நான் எதையும் சொல்லல, தாயே. கொஞ்சம் குழம்பு ஊத்து."

மனைவியின் தம்பி டாக்சி ஓட்டுகிறவன். அவன் வந்து உட்கார்ந்து ஒரே போடாகப் போட்டான். "போட்டா மட் டயர்தான் போடணும் மச்சான். சேத்துக்குன்னே செஞ்சது. ஒவ்வொரு பல்லும் கை முட்டி கணக்கா இருக்கும். அதுவும் ஒரு சைஸ் பெருசாப் போட்டீங்கன்னா, வண்டி சும்மா நின்னாலே மிரட்டும்."

"யாரை மிரட்டணும்?"

"பாக்குறவனை!"

"பாக்குறவனை நான் ஏத்திக்கிட்டுப் போகலையேடா."

கேஸ் குடோன் மேனேஜர் அதற்கு நேர் எதிர். "சாதா ரோடு டயர் போடுய்யா. சத்தமே இருக்காது. களிமண் என்ன, கொஞ்ச தூரம்தானே?" என்றார். அவர் மேட்டுக்குப் போனதே இல்லை. பத்துப் பேரிடம் கேட்டால் பத்து டயர். நல்ல புத்தியைக் கொடு என்று ஆண்டவனிடம் கேட்கிறவர்கள் உண்டு. இவர் நல்ல டயரைக் காட்டு என்று கேட்டார். அவனுக்குச் சின்ன வேண்டுதல், பெரிய வேண்டுதல் என்று உண்டா என்ன?

கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற டயர்க் கடைக்குப் போனார். வாசலில் காற்றடிக்கிற கம்ப்ரசர் தடதடவென்று உதறிக்கொண்டிருந்தது. உள்ளே கூரை வரை டயர்கள் அடுக்கியிருந்தன. புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. கடைக்காரர் தொப்பையை டயர் அடுக்கின்மேல் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்கண்ணே. நீங்க டயர் பாக்குறீங்கன்னு ஊரே பேசுது. என் கடை எத்தனையாவது?"

"கடைசி."

"அப்படித்தான் எல்லாக் கடையிலயும் சொல்லியிருப்பீங்க. சரி, சொல்லுங்க. எந்தப் பாதை, என்ன பாரம், யாரு உக்கார்றது?"

மற்ற கடைகளில் இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. நத்தை முழுசாகச் சொன்னார். தார், சரளை, களிமண், கான்கிரீட், சிலிண்டர், அக்கா. கடைக்காரர் கேட்டுக்கொண்டே மூன்று டயர்களை உருட்டி வந்து சுவரில் சாய்த்து வைத்தார்.

"இது ரோடு டயர். கோடு கோடா மெலிசா இருக்கா? களிமண்ணுல கோடு அடைச்சுக்கும். அப்புறம் உங்க பழைய டயரும் இதுவும் ஒண்ணுதான். இது மட் டயர். பல்லு பெருசு, இடைவெளி பெருசு. சேத்துல ராஜா. ஆனா தார்ல ஊளை போடும். ஈரத் தார்ல பிரேக் அடிச்சா சொன்ன பேச்சு கேக்காது. நீங்க பாதித் தூரம் தார்ல போறவரு. உங்கக்கா ஊசி குத்தின கையோட திரும்பி வரணும். இது குலுக்கி எடுத்துடும். இதைப் பாருங்க, ஆல் டெரெய்ன். ரெண்டுக்கும் நடுவுல."

நத்தை குனிந்தார். பிறகு குந்தி உட்கார்ந்தார். பல்லுக்குப் பல் விரலை விட்டுப் பார்த்தார். பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள். ஈரத்தில் அந்த வெட்டுகள்தான் பிடித்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். ஓரத்திலும் பல் இறங்கியிருந்தது; சறுக்கினால் பக்கவாட்டில் கவ்வ. பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினார், கல் குத்தினால் தாங்குமா என்று. எந்த வருஷத்து டயர் என்று பக்கவாட்டு எண்ணைத் தேடிப் படித்தார். பல்லிடுக்கில் சரளைக்கல் மாட்டினால் தானே விழுமா என்று கேட்டார். சைஸ் பெரிதாக வேண்டுமா என்றும் கேட்டு வைத்தார்.

"வேண்டவே வேண்டாம். உங்க வண்டி பொறந்தப்போ என்ன சைஸோ அதே சைஸ். பெருசு போட்டா ஒடிச்சுத் திருப்புறப்போ உள்ள உரசும். அண்ணே, ஒரு டயருக்கு இவ்வளவு கேள்வியா? எனக்கே இப்போ இதை விக்கிறதுக்கு மனசு வரல."

"இதுதான்" என்றார் நத்தை, எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே.

கடைக்காரர் கையைக் கூப்பி மேலே பார்த்தார். "முடிஞ்சுது! நாலையும் ஒண்ணா மாத்திடுங்கண்ணே. இங்க ரெண்டு இருக்கு. மீதி ரெண்டை குடோன்ல இருந்து எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"வேண்டாம். ரெண்டு போதும்."

"இல்லண்ணே, இந்த மாதிரி வண்டிக்கு நாலும்..."

"புதுசு பின்னால, பழசு முன்னால. குவாரியில இருந்தே அப்படித்தான்."

அந்த ஊர் டிரைவர்களுக்கு அது வேதவாக்கு. லாரியோ டாக்சியோ வேனோ, புதிய டயர் வாங்கினால் பின்னால் போடுவார்கள். முன்னால் பழசு தேய்ந்து சாகும் வரை ஓடும். மற்ற வண்டிக்கெல்லாம் அதில் ஒரு பழுதும் இல்லை. குவாரியிலும் அப்படித்தான், அங்கே எப்போதும் சரளை, எப்போதும் புழுதி. விற்கிறவர் நாலு என்றுதான் சொல்வார் என்று நத்தை நினைத்துக்கொண்டார். என்ன டயர் என்பதற்கு ஒரு வாரம் யோசித்த மனிதர், எத்தனை டயர் என்பதற்கு அரை நொடிகூட யோசிக்கவில்லை. நம் எல்லோருக்கும் அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பின்னால் இரண்டையும் மாட்டிக் கொடுத்தார்.

அக்காவின் ஆஸ்பத்திரி நாள் அடுத்த நாளே வந்தது. விடிவதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்திருந்தது. அடிவாரத்தில் நிறுத்தி, பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கியரைத் தள்ளினார் நத்தை. அதைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். களிமண் பளபளவென்று மின்னியது. ஆண்டவனை நினைத்துக்கொண்டு ஏறினார். புது டயர் சேற்றைக் கவ்விக் கவ்வி உமிழ்ந்தது. அந்தப் பொல்லாத வளைவில் வண்டி ஒரு விரல் அளவுகூட விலகவில்லை. நத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரியவரே, உங்களுக்கு இளமை திரும்பிடுச்சு!" என்று கத்தினார்.

அந்தச் சந்தோஷத்தில் சின்னக் கியரை எடுக்காமல் கான்கிரீட்டிலும் அப்படியே ஏறினார். செங்குத்துத்தானே, இருக்கட்டும் என்று.

முதல் வளைவில் ஸ்டியரிங் கொஞ்சம் கனத்தது. அடுத்த வளைவில் இன்னும் கனத்தது. அதற்கடுத்த வளைவில் வண்டிக்கு அடியிலிருந்து டங் என்று ஒரு சத்தம். உச்சிக்கு வந்து பம்ப் ஹவுஸ் முற்றத்தில் நிற்பதற்குள் பெரியவர் முனகத் தொடங்கிவிட்டார். நத்தை சின்னக் கியரைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். சிமெண்டில் நட்ட கம்பி மாதிரி நின்றது. வண்டியைத் திருப்பிப் பார்க்கலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்தார். டயர் கிறீச்சிட்டது, வண்டி உதறியது, இஞ்சின் அணைந்தது.

கோழி வளர்க்கலாம் என்று மெக்கானிக் சொன்னது காதில் ஒலித்தது.

அக்கா பையோடு தயாராக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன, முகமும் உப்பியிருந்தது. பம்ப் ஹவுஸிலிருந்து அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ளே, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"அத்தான், பெட்டி போயிடுச்சு போலிருக்கு."

அத்தான் உள்ளே போய் ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். இஞ்சினைப் போடச் சொல்லி, வண்டிக்கு அடியில் சரிந்து படுத்து, அதன் நுனியைப் பெட்டியின்மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். பம்ப்பின் உடல்நலத்தை அவர் தினமும் இப்படித்தான் கேட்பார். வண்டியை ஒரு சாண் முன்னால் நகர்த்தச் சொன்னார். தானும் கூடவே நகர்ந்தார்.

"பல்லு ஒடிஞ்சிருந்தா கரகரன்னு கேக்கும். இது ஒடிஞ்ச சத்தம் இல்ல. என்னமோ முறுக்கிக்கிட்டு நிக்குது."

"என்னத்த முறுக்கிக்கிட்டு?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குப் பம்பு ஓட்டுறேன்?"

நத்தை முற்றத்தையும் பாதையையும் பார்த்தார். அவர் பார்வை எங்கே போகிறது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் போயிருந்தது.

"அந்த நினைப்பே வேண்டாம்டா" என்றாள் மெதுவாக. "இன்னைக்குப் போகலேன்னா அடுத்த முறைக்குப் போயிக்கலாம்."

மூச்சு வாங்க வாங்கத்தான் அதைச் சொன்னாள். அடுத்த முறை வரை தாங்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். பம்ப் மட்டும் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. நத்தை மனசுக்குள், "ஆண்டவா, நான் என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் காட்டு, சரி பண்ணிடுறேன்" என்றார்.

அக்காவால்தான் வெகுநேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதே. வண்டியைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏண்டா தம்பி, உன் பெரியவர் எதுக்குக் குனிஞ்சு நிக்கிறாரு? எதையாவது தொலைச்சுட்டாரா?" என்றாள்.

"பின்னால புது டயர்க்கா. முன்னால பழசு தேஞ்சு போனது. அதான் முன்னால கொஞ்சம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். அத்தானும் நிமிர்ந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"உன் தையல் டேப்பை எடு" என்றார் அத்தான் மனைவியிடம்.

பின் டயரைச் சுற்றி டேப்பைப் பிடித்தார்கள். பிறகு முன் டயரை. முன் டயர் நல்ல நாலு விரல் குறைவு.

"சின்னக் கியரைப் போட்டா முன்னும் பின்னும் ஒண்ணாத்தானே சுத்தும்?" என்றார் அத்தான்.

"ஒண்ணாத்தான். ஒரு சுத்துக்கு ஒரு சுத்து."

"பின் காலு பெருசு, முன் காலு சின்னது. சுத்து ஒண்ணு, தூரம் வேற. அப்ப அந்த நாலு விரல் எங்க போகும்?"

"சேத்துல டயர் வழுக்கி வழுக்கிச் சமாளிச்சுக்கும். குவாரிப் புழுதியிலயும் அப்படித்தான் போயிருக்கும்" என்றார் நத்தை, தனக்கே சொல்லிக்கொள்வது போல. "கான்கிரீட்டுல வழுக்க முடியாது. அந்த நாலு விரல் ஒவ்வொரு சுத்துக்கும் பெட்டிக்குள்ள போயி முறுக்கியிருக்கு. அத்தான், பெட்டி சாகல! நான்தான் அதைப் பிழிஞ்சிருக்கேன்!"

"அது சரி, இதுக்கு இவ்வளவு கணக்கா?" என்றாள் அக்கா. "புருஷன் பொண்டாட்டி கையைக் கோத்துக்கிட்டு நடக்குற மாதிரி. ஒருத்தர் எட்டு பெருசு, ஒருத்தர் எட்டு சின்னது. கையை விட்டாத்தான் ரெண்டு பேருக்கும் நிம்மதி."

"யாரைச் சொல்ற?" என்றார் அத்தான்.

"வண்டியைத்தான் சொன்னேன்."

கையை விட வைப்பது எப்படி? ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் இருந்தால் முறுக்கு தானே அவிழ வேண்டும் என்று நத்தைக்குப் பட்டது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லை முட்டுக் கொடுத்தார்கள். முன் பக்கம் ஜாக்கி வைத்து மெல்ல மெல்ல ஏற்றினார் நத்தை. அத்தானைத் தள்ளி நிற்கச் சொன்னார். டயர் தரையை விட்டு ஒரு நூல் எழும்பியதுதான் தாமதம், யாரும் தொடாமலே அந்தச் சக்கரம் படாரென்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றது. மூன்று பேரும் துள்ளி விழுந்தார்கள்.

நத்தை எழுந்து போய்ச் சின்னக் கியரில் கை வைத்தார். இழுக்கக்கூட இல்லை. பழுத்த பழம் காம்பை விட்டுக் கழல்வது போல, அது தானாகக் கைக்கு வந்தது.

அவர் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அவருக்கு அதன் அர்த்தம் தெரிந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது முகமெல்லாம் கிரீஸ்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் அத்தான்.

"மூஞ்சியைக் கழுவிட்டு வாடா. ஆஸ்பத்திரியில உன்னைப் பார்த்துப் பயந்து நர்ஸ் எனக்கு ஊசியை மாத்திக் குத்திடப் போகுது" என்றாள் அக்கா.

கான்கிரீட்டில் சின்னக் கியரைத் தொடாமல், நத்தை என்ற பெயருக்கு ஏற்ப இறங்கினார்கள். களிமண் வந்ததும் போட்டுக்கொண்டார். அங்கே வழுக்கிச் சமாளிக்க இடம் இருந்தது. பின் டயர் விட்டுக்கொடுக்கவே இல்லை. தார் தொடங்கும் முன்பே நிறுத்தி எடுத்தார். அது முணுமுணுக்காமல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இவ்வளவு தாமதம்? இன்னும் கொஞ்சம் போயிருந்தா உங்க மிஷினுக்கு வேற ஆளை உக்கார வச்சிருப்பேன்."

"என் தம்பி வண்டிக்கு ஒரு கால் குட்டையாப் போச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே அக்கா உள்ளே போனாள்.

மிஷின் ஓடத் தொடங்கியதை, குழாய்க்குள் இரத்தம் போய் வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் நத்தை அங்கிருந்து நகர்ந்தார். அத்தானுக்குப் போன் போட்டு, "உக்கார்ந்தாச்சு" என்றார். அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரி, நான் போய்ச் சாப்பிடுறேன்" என்றார். அதுவரை அவர் சாப்பிடவில்லை.

அக்கா எழுந்திருக்க இன்னும் வெகுநேரம் ஆகும். நத்தை நேராக டயர்க் கடைக்கு வண்டியை விட்டார். கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே, "டயரைத் திருப்பித் தர வந்தீங்களா? யோசிச்சு முடிக்கலையா?" என்றார்.

"மீதி ரெண்டையும் போடு."

"நான் நேத்தே சொன்னேன்..."

"சொன்னே தம்பி. நீ விக்கிறதுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டேன். தப்புதான்."

கடைக்காரர் கொஞ்சம் கூச்சப்பட்டுப் போனார். "நானும் சரியா வெளக்கல. நீங்க கேட்ட கேள்வியில எனக்குத் தொண்டை வறண்டு போச்சு" என்றார். குடோனிலிருந்து டயர்கள் வந்தன. பின்னால் இருப்பவற்றோடு பக்கத்தில் வைத்து, அளவும் பல்லும் ஒன்றுதானா என்று நத்தை பார்த்தார். முன்னால் மாட்டி முடிந்ததும் கடைக்காரர், "அண்ணே, ஸ்டெப்னி..." என்று இழுத்தார்.

"அதையும் போடு!"

"யோசிக்க வேண்டாமா?"

"இன்னைக்கு யோசிச்ச வரைக்கும் போதும்."

அக்கா வெளியே வந்தபோது சாயங்காலம். முகத்து உப்பல் வடிந்திருந்தது. பிழிந்த துணி மாதிரித் தளர்ந்திருந்தாள். அந்த நாளில் எப்போதும் அப்படித்தான் இருப்பாள். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப நிமிந்து நிக்கிறாரு" என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டாள். தார்ச்சாலையில் புது டயர்கள் சன்னமாக ரீங்காரம் இட்டன. ஊரைத் தாண்டும் முன்பே மழை பிடித்துக்கொண்டது.

அடிவாரத்தில் நிறுத்திச் சின்னக் கியரைப் போட்டார். களிமண் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. நாலு காலும் சேர்ந்து கவ்விய அழகை என்னவென்று சொல்ல? வளைவு வந்தது, போனது. அக்கா எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. என்னடா என்று திரும்பிப் பார்த்தார். அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள். இந்தப் பாதையில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. கான்கிரீட் தொடங்கியதும் நின்று, ஒரே விரலால் சின்னக் கியரை எடுத்துவிட்டார். இப்போது டயரெல்லாம் ஒரே அளவுதான். இருந்தாலும் கெட்டித் தரையில் எடுத்துவிடுவதே மரியாதை என்று வைத்துக்கொண்டார். மேலே போய்ச் சேரும் வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கேட்பதற்கு அன்றைக்கு ஒன்றும் பாக்கி இல்லை. நன்றிதான் சொல்லிக்கொண்டு போனார்.

முற்றத்தில் குடையோடு நின்ற அத்தான் கதவைத் திறக்கக் கையை நீட்டினார்.

"எழுப்பாதீங்க அத்தான். இப்பத்தான் கண் அசந்திருக்கு."

இரண்டு பேரும் ஒரே குடையில் பம்ப் ஹவுஸ் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். மழை ஒரு பக்கத் தோளை நனைத்தது. அத்தான் குனிந்து முன் டயரைப் பார்த்தார். பல்லில் விரலை விட்டுச் சேற்றை நோண்டினார்.

"நல்ல டயர்தான் மாப்ளே."

"நல்ல டயர்தான் அத்தான்."

அப்படியே எவ்வளவு நேரம் நின்றார்களோ, வண்டிக்குள்ளிருந்து கண்ணாடியை யாரோ மோதிரத்தால் தட்டினார்கள்.

"ரெண்டு பேரும் அங்க என்ன ரகசியம் பேசுறீங்க? மழையில நனைஞ்சு ரெண்டும் படுத்துக்கிட்டா யாரு பாக்குறது? ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும். கதவைத் திறங்க!"